அந்தரத்தில் தொங்கவிடாதீர்கள்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நபி முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாகட்டும்.



தலாக் எத்தனை முறை சொல்ல வேண்டும்? ஜமாஅத் கடிதம் போதுமா, கோர்ட்டுக்கும் போக வேண்டுமா? குலா கேட்டால் எதைத் திருப்பித் தர வேண்டும்? ஜும்ஆ முடிந்ததும் இமாம்களிடம் வரும் கேள்விகள் இவை. ஆனால் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: சட்டத்தை மீறாமலேயே ஒருவன் தன் மனைவிக்கு அநியாயம் செய்ய முடியுமா? முடியும். அதைத்தான் இன்று பேசப் போகிறோம்.

முதலில் தலாக். பிணக்கு முற்றினால் இரு குடும்பத்திலிருந்தும் ஒவ்வொரு நடுவரை வைத்துப் பேசச் சொல்கிறது அந்நிஸா அத்தியாயத்தின் 35-வது வசனம். அதிலும் தீராவிட்டால், மனைவி தூய்மையாக இருக்கும் காலத்தில், கூடாத நிலையில், ஒரே ஒரு தலாக். பிறகு இத்தா: மூன்று மாதவிடாய்க் காலம், கர்ப்பிணியானால் பிரசவம் வரை. இத்தாவுக்குள் கணவன் அவளை மீட்டுக்கொள்ளலாம். இத்தா முடிந்துவிட்டாலும், இருவரும் விரும்பினால் புதிய நிகாஹ் செய்து சேர்ந்துகொள்ளலாம். ஒரே மூச்சில் மூன்று சொல்பவர் இந்தக் கதவுகளை எல்லாம் தானே அடைத்துவிடுகிறார். அது செல்லாது என 2017 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதற்கு மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனையும் உண்டு.

அடுத்து, கடிதம். ஜமாஅத் சமரசம் பேசலாம், பேச வேண்டும். ஆனால் தனியார் அமைப்பு தரும் குலா சான்றிதழ் செல்லாது. பெண் குடும்ப நீதிமன்றத்தை அணுகலாம் என்று 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. ஆகவே மஹல்லாவில் பேசி முடித்ததோடு நின்றுவிடாமல், ஒரு வழக்கறிஞரிடம் கேட்டு நீதிமன்றத்திலும் பதிந்துகொள்ளுங்கள். பின்னாளில் அந்தப் பெண்ணின் மறுமணம் சிக்கலாகாமல் இருக்க அது உதவும்.

மூன்றாவது, பணம். "இத்தா முடிந்தது, என் கடமையும் முடிந்தது" என்கிறார்கள். பாக்கி மஹர் கடன். அதை அடைத்தே ஆக வேண்டும். பெற்றோர் அவளுக்குப் போட்ட நகையும் கொடுத்த சீரும் அவளுடைய சொத்து. 1986-ஆம் ஆண்டுச் சட்டமும் இதைச் சொல்கிறது. இத்தா காலத்துக்குள் தரும் தொகை அவளுடைய எதிர்காலத்துக்கும் போதுமானதாக இருக்க வேண்டும் என்று 2001-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. தலாக் சொல்லப்பட்ட பெண்களுக்கு நல்ல முறையில் வசதி செய்து தருவதை இறையச்சமுடையோரின் கடமையாக அல்பகரா 241-வது வசனம் ஆக்கியிருக்கிறது.

சகோதரர்களே! இப்போது ஒரு கணவனை நினைத்துப் பாருங்கள். அவன் முத்தலாக் சொல்லவில்லை. அடிக்கவில்லை. மனைவியைத் தாய் வீட்டில் விட்டுவிட்டான். அழைக்கவும் இல்லை, விடுவிக்கவும் இல்லை. ஜமாஅத் கூப்பிட்டால், "நான் தலாக் தரமாட்டேன். அவளுக்கு வேண்டுமானால் குலா கேட்கட்டும், நகையை எழுதிக் கொடுக்கட்டும்" என்கிறான். ஊர் அவனைக் குற்றவாளி என்று சொல்வதில்லை. குர்ஆன் சொல்கிறது. துன்புறுத்துவதற்காக மனைவியரைத் தடுத்து வைப்பவன் தனக்கே அநீதி செய்துகொண்டான் என்கிறது அல்பகரா 231. ஒருத்தியை அந்தரத்தில் தொங்குபவளைப் போல் விடாதீர்கள் என்கிறது அந்நிஸா 129.

ஸாபித் இப்னு கைஸ் (ரலி) அவர்களின் மனைவி நபியவர்களிடம் வந்தார். கணவரின் குணத்திலும் மார்க்கத்திலும் குறை சொல்லவில்லை. சேர்ந்து வாழ முடியவில்லை என்றார். நபியவர்கள் அவரிடம் குற்றப் பட்டியல் கேட்கவில்லை. மஹராகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பித் தரச் சம்மதமா என்று மட்டும் கேட்டு, அதைப் பெற்றுக்கொண்டு ஒரு தலாக் சொல்லும்படி ஸாபித் அவர்களிடம் கூறினார்கள். தவறு கணவன் பக்கம் இருக்கும்போது, குலாவுக்கு ஈடு வாங்குவதையே ஹனஃபி அறிஞர்கள் வெறுத்தார்கள்.

தொங்கவிடப்பட்ட பெண் எங்கே போவாள்? வெள்ளையர் ஆட்சிக் காலத்தில், விடுதலைக்கு வேறு வழி தெரியாமல் சில பெண்கள் மார்க்கத்தையே விட்டு வெளியேறினார்கள். ஹனஃபி மத்ஹபின் பெரும் அறிஞர் மவ்லானா அஷ்ரஃப் அலி தானவி அவர்கள் இந்தக் கொடுமையைக் கண்டு, மாலிகி மத்ஹபின் தீர்ப்புகளைத் தேடி எடுத்து வழி காட்டினார்கள். அந்த முயற்சியின் தொடர்ச்சியாகவே 1939-ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண ரத்துச் சட்டம் வந்தது. கணவன் நான்கு ஆண்டுகள் காணாமல் போனாலோ, இரண்டு ஆண்டுகள் செலவுக்குத் தராவிட்டாலோ, கொடுமை செய்தாலோ மனைவி நீதிமன்றத்தில் ஃபஸ்க் கேட்கலாம். ஒருவனின் பிடிவாதம் ஒருத்தியின் ஈமானைப் பறிக்கக் கூடும் என்பதை அந்த ஆலிம்கள் புரிந்திருந்தார்கள்.

ஆகவே ஜமாஅத் பொறுப்பாளர்களே, தவணைக்கு மேல் தவணை கொடுத்து ஒரு பெண்ணின் இளமையைக் கரைக்காதீர்கள். பெற்றோரே, "கொஞ்சம் அலையட்டும்" என்று மகனுக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள். கணவர்களே, சேர்ந்து வாழ்வதானால் கண்ணியமாக வாழுங்கள். முடியாதென்றால் கண்ணியமாக விடுவியுங்கள். இந்த இரண்டைத் தவிர மூன்றாவது வழியை அல்லாஹ் உங்களுக்குத் தரவில்லை.

நம் வீடுகளில் அன்பையும், பிரிய நேர்ந்தால் அங்கும் நீதியையும் அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.