காத்திருப்பவரின் பிரார்த்தனை

இதயமோ கல்லீரலோ கைவிட்ட நிலையில், மாற்று உறுப்புக்குப் பதிவு செய்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர் இறைநம்பிக்கை உள்ளவராக இருந்தால், ஒரு கட்டத்தில் பிரார்த்தனை செய்யவே கூசுகிறார். மருத்துவமனையிலிருந்து அழைப்பு வரவேண்டும் என்று வேண்டுவது, எங்கோ ஒருவர் சாகவேண்டும் என்று வேண்டுவதாகிவிடாதா? இந்தக் கூச்சத்தை அசட்டுத்தனம் என்று தள்ளிவிட முடியாது. மனச்சாட்சி உள்ளவருக்கே அது வரும். ஆனாலும் அந்தப் பிரார்த்தனையில் பாவம் இல்லை என்றே நினைக்கிறேன். பிழை நுழைவது பிறகுதான், பிழைத்து எழுந்தபின் சொல்லும் நன்றியில்.

அவர் காத்திருக்கும் உறுப்பு வருவது மூளைச்சாவு அடைந்த ஒருவரிடமிருந்து. விபத்திலோ ரத்தக்கசிவிலோ மூளை மீளமுடியாதபடி செயலிழந்து, வென்டிலேட்டரால் மட்டும் மார்பு ஏறி இறங்கும் நிலையைத்தான் மூளைச்சாவு என்கிறோம். நம் நாட்டின் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்து அதை உறுதிசெய்ய வேண்டும். உறுப்பு மாற்று சிகிச்சை செய்பவர்களுக்கு அந்தக் குழுவில் இடமில்லை. காத்திருப்பவரின் ஆசை அந்தப் படுக்கையை எந்த வழியிலும் எட்டுவதில்லை. உறுப்பு எடுப்பதற்காகவே மூளைச்சாவு என்ற ஒன்றைக் கற்பித்துக்கொண்டார்கள் என்று சந்தேகிப்பவர்கள் உண்டு. 1967 டிசம்பரில் கேப் டவுனில் கிறிஸ்டியான் பர்னார்டு முதல் இதய மாற்று சிகிச்சை செய்தார். அடுத்த ஆண்டே ஹார்வர்டு குழு மூளைச்சாவுக்கு வரையறை தந்தது. சந்தேகத்துக்கு இந்த வரிசையே காரணம். ஆனால் பிரெஞ்சு மருத்துவர்களான மொல்லாரேயும் கூலோனும் இந்த நிலையை 1959-லேயே விவரித்துவிட்டார்கள். அதை உண்டாக்கியது உறுப்புத் தேவை அல்ல, செயற்கைச் சுவாசம். சரி, காத்திருப்பவர் உள்ளூர விரும்புவது எதை? நாளையே செயற்கை இதயம் ஒன்று குறையில்லாமல் அமைந்து, யாரும் சாகவேண்டிய தேவை இல்லாமல் போனால், அவரைவிட மகிழ்பவர் யார்? அவர் விரும்பியது சாவை அல்ல என்பதற்கு இதற்குமேல் சான்று வேண்டாம். எப்படியும் நிகழ்ந்துவிட்ட ஒரு சாவுக்குப் பிறகு, ஒரு குடும்பம் சம்மதிக்கவேண்டும் என்பதையே அவர் வேண்டுகிறார்.

இனி நன்றிக்கு வருகிறேன். பிழைத்தவர் “கடவுள்தான் எனக்கு இதயம் கொடுத்தார்” என்கிறார். பணிவான சொல்தான்; ஆனால் அது இழுத்துவரும் பொருள் கொடுமையானது. அவருக்குக் கொடுத்த கடவுள், இன்னொரு வீட்டிலிருந்து எடுத்தவராகிறார். அதே பட்டியலில் காத்திருந்து உறுப்பு கிடைக்காமலே இறந்தவர்களைக் கைவிட்டவரும் அவரேயாகிறார். தாம் தேர்ந்தெடுக்கப்பட்டதாக நினைப்பவர், அவர்கள் ஒதுக்கப்பட்டார்கள் என்பதையும் ஏற்றாக வேண்டும். வினைக்கொள்கை இதற்கு விடை வைத்திருக்கிறது: இறந்தவரின் ஆயுள் அவருடைய வினைப்படி முடிந்தது, இவருடையது நீண்டது. அதை அப்படியே ஒப்புக்கொண்டாலும், அது சாவின் நேரத்தை மட்டுமே விளக்குகிறது. ஐ.சி.யூ. வாசலில் ஒரு குடும்பம் சம்மதிக்கிறது, அதே துயரத்தில் இன்னொரு குடும்பம் மறுக்கிறது. இந்த வேறுபாடு இறந்தவரின் வினையில் இல்லை, இருப்பவர்களின் மனத்தில் இருக்கிறது. 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மருத்துவத் தம்பதி, விபத்தில் மூளைச்சாவு அடைந்த மகனின் உறுப்புகளைக் கொடுத்தார்கள். தமிழ்நாட்டில் உறுப்பு தானம் வீட்டுக்கு வீடு பேசப்பட்டது அதன் பிறகுதான். மூளைச்சாவு என்றால் என்னவென்று பாடமாகவே படித்தவர்கள் அவர்கள். தெரிந்திருந்ததால் அந்த முடிவு எளிதாக இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. தொட்டால் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும் கையை விட்டுவிடச் சம்மதிப்பதை விதியின் கணக்கில் எழுதுவது, அவர்களுடைய செயலை அவர்களிடமிருந்தே பறிப்பதாகும்.

கண்ணப்பர் கொடுத்தது தம் கண்ணை, சிபி அறுத்தது தன் தசையை. மூளைச்சாவு அடைந்தவர் எதையும் முடிவுசெய்யவில்லையே, தமதல்லாத உடலைக் குடும்பம் கொடுப்பது எப்படித் தானமாகும் என்று கேட்கலாம். உடல் குடும்பத்தின் சொத்து அல்ல என்பது உண்மை. ஆனால் இறந்தவருக்குச் செய்யவேண்டிய கடன் அவர்களுடையது, முழு உடலோடு வழியனுப்பும் ஆறுதலும் அவர்களுடையது. அந்த ஆறுதலைத்தான் கொடுக்கிறார்கள். உடல் குறைபட்டால் மறுமை கெடும் என்ற அச்சத்துக்குச் சைவ சித்தாந்தத்தில் இடமில்லை: தூல உடல் இங்கேயே விழ, உயிரோடு செல்வது சூக்கும உடல்தான். மறுமையில் உடலோடு எழுவதை நம்பும் மரபுகளும் தடைபோட்டு நிற்கவில்லை. 2000-ஆம் ஆண்டில் போப் இரண்டாம் ஜான் பால் உறுப்பு தானத்தை வெளிப்படையாகவே ஆதரித்தார்.

அப்படியென்றால் கடவுளுக்கு இதில் வேலையே இல்லையா என்று நம்பிக்கையாளர் கேட்பார். துக்கத்தின் உச்சத்தில், முகம் தெரியாத ஒருவரைப் பற்றி நினைக்க ஒரு தாய்க்கு எங்கிருந்து வலு வந்தது என்று கேட்டு, அதை அருள் என்று அவர் சொன்னால் எனக்கு மறுப்பில்லை. அந்தத் தாயைத் தாண்டிக் குதித்து நேரே கடவுளிடம் போவதைத்தான் மறுக்கிறேன். அது இன்னொருவர் கொடுத்தது என்பதைப் பிழைத்தவரின் உடலும் மறப்பதில்லை; புது உறுப்பை அந்நியமாகவே பார்க்கும். அந்த எதிர்ப்பை அடக்கிவைக்க அவர் ஆயுள் முழுக்க மாத்திரை விழுங்க வேண்டும். ஆனால் கொடுத்தவர் யாரென்று பெரும்பாலும் அவருக்குச் சொல்வதில்லை. 2023 முதல் தமிழ்நாடு அரசு, உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கை அரசு மரியாதையோடு நடத்துகிறது. பெறுபவர் நேரில் சொல்ல முடியாத நன்றியை, உரிய வீட்டு வாசலில் நின்று ஊரே சொல்வதற்கு அது வழிசெய்திருக்கிறது.