உயிருக்குக் கூலி உண்டா?

யூதர்களுக்குச் சனிக்கிழமை ஓய்வுநாள். அன்று நெருப்பு மூட்டக் கூடாது, மீன் பிடிக்கக் கூடாது. அப்படிப்பட்ட நாளில் கடலோரம் போனவன், ஒரு குழந்தை தண்ணீரில் விழுவதைக் கண்டால்? யூதச் சட்டநூலான தால்மூத் தயங்கவே இல்லை. வலையை வீசி இழுக்க வேண்டியதுதான். கூடவே மீன் சிக்குமே என்றால், சிக்கட்டும். சபையாரிடம் அனுமதி கேட்டு வர வேண்டாம், முந்துகிறவனுக்கே பாராட்டு. ஆற்றில் தத்தளிக்கும் பெண்ணைப் பார்ப்பது முறையல்ல என்று கரையில் நின்றுவிடும் பக்திமானை அதே நூல் முட்டாள் என்றே சொல்கிறது.

காப்பாற்றும்வரை குழப்பம் இல்லை. கரை சேர்ந்த பிறகுதான் கணக்கு வருகிறது. டீசல் யார் செலவு? அன்றைய பிழைப்பு போனதே, அது?

கடல் சட்டத்தின் பதில் முதலில் விசித்திரமாகத் தோன்றும். ஆபத்தில் சிக்கிய கப்பலையோ சரக்கையோ மீட்டுக் கொடுத்தால் சன்மானம் கேட்கலாம். அதிலிருந்த மனிதரை மீட்டால் அவரிடம் ஒரு காசு கேட்க முடியாது. 1910 பிரஸ்ஸல்ஸ் ஒப்பந்தமும் 1989 லண்டன் ஒப்பந்தமும் இதையே சொல்கின்றன. என்ஜினுக்கு விலை உண்டு, மனிதனுக்கு இல்லையா? இதில் நியாயம் இருக்கிறது. கழுத்தளவு தண்ணீரில் இருப்பவன் எந்தத் தொகைக்கும் தலையாட்டுவான்; அது பேரமே அல்ல. ஆனால் இப்படி விட்டால் மாலுமி ஆளை விட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கப் போய்விடலாம். அதனால்தான் அதே விபத்தில் உயிர் மீட்டவருக்கு, சரக்கு மீட்டவரின் சன்மானத்தில் பங்கு உண்டு என்றும் எழுதி வைத்தார்கள். மனித சுபாவம் தெரிந்தவர்கள்.

2018 ஆகஸ்டில் கேரளம் மூழ்கியபோது இந்தக் கேள்வி லாரியில் ஏறி ஊருக்குள் வந்தது. கடற்கரைக் கிராமங்களிலிருந்து வள்ளங்களை லாரிகளில் ஏற்றிக்கொண்டு மீனவர்கள் செங்கன்னூருக்கும் ஆலுவாவுக்கும் போனார்கள். 4,500 பேருக்கு மேல். மாநில அரசின் கணக்கில் அவர்கள் மீட்டவர்கள் சுமார் 65,000 பேர். படகில் ஏற முடியாத பெண்களுக்காகத் தண்ணீரில் மண்டியிட்டுத் தன் முதுகையே படியாக்கிய மலப்புரத்து மீனவரின் காணொளி நாடெங்கும் பரவியது. மதில்களிலும் மின்கம்பங்களிலும் இடித்துப் பல வள்ளங்கள் உடைந்தன.

அரசு, படகுக்கு நாளொன்றுக்கு 3,000 ரூபாயும் எரிபொருளும் தருவதாக அறிவித்தது. மீனவர்களில் சிலர் அந்தக் கூலி வேண்டாம் என்று வெளிப்படையாகவே மறுத்தார்கள். நாளிதழ்கள் கொண்டாடின. கொண்டாட்டத்தில் ஒரு வசதியும் ஒளிந்திருந்தது: ஏழையின் பெருந்தன்மையைப் புகழ்வதற்குச் செலவே இல்லை. கூலியை மறுப்பது மீனவரின் உரிமை. உடைந்த வள்ளத்தைச் சரிசெய்து தருவது மற்றவர்களின் கடன். ஒன்றைக் காட்டி மற்றொன்றை விழுங்கக் கூடாது.

இந்த வேறுபாட்டை யூத மரபு நெடுங்காலம் முன்பே பிடித்துவிட்டது. ஆற்றில் மூழ்குகிறவனைத் தன்னால் மீட்க முடியாவிட்டால், ஆள் கூலிக்கு அமர்த்தியாவது மீட்க வேண்டும் என்கிறது தால்மூத். இடைக்கால உரையாசிரியர் ரோஷ் சேர்க்கிறார்: பிழைத்தவனிடம் பணம் இருந்தால் அந்தச் செலவை அவன் திருப்பித் தர வேண்டும். உதவி இலவசம், அதற்கு ஆன செலவு இலவசமல்ல.

உயிருக்கு ஆபத்தில்லாத சங்கடம் வேறு. விடுமுறை நாளில் ஏரியில் என்ஜின் நின்றுபோன உல்லாசப் படகை வைத்துக்கொள்வோம். இதற்குத் தால்மூதின் மூலநூலான மிஷ்னாவில் ஒரு கழுதை இருக்கிறது. பாரம் தாங்காமல் படுத்துவிட்ட கழுதையின் சுமையை இறக்க வழிப்போக்கன் கைகொடுக்க வேண்டும். ஆனால் உடைமைக்காரன் ஓரமாக உட்கார்ந்து, "உனக்குத்தானே கட்டளை, நீயே இறக்கு" என்றால் வழிப்போக்கன் தன் வழியே போகலாம். கயிற்றின் மறுமுனையைப் பிடிக்காமல் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருக்கும் படகுக்காரருக்கும் இது பொருந்தும். அவர் கிழவராகவோ நோயாளியாகவோ இருந்தால் மட்டும் மிஷ்னா வழிப்போக்கனை விடுவதில்லை. தனியாகவே இழுக்க வேண்டும்.