வாய்க்காலில் விட்ட கருணை

உயிருள்ள ஒன்றை அழிக்க மனம் வராமல், ‘எங்காவது போய்ப் பிழைத்துக்கொள்ளட்டும்’ என்று விட்டுவிடுவது கருணைதானே? கேட்டவுடன் ‘ஆம்’ என்று சொல்லத் தோன்றுகிறது. ஆயினும் இக்கேள்வியைச் செடி வளர்க்கும் ஒரு மீன்தொட்டியின் அருகில் வைத்து ஆராய்ந்தால், விடை அவ்வளவு எளிதன்று என்பது விளங்கும்.

பாலக்காட்டுச் சீமையின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை முதல் தெற்கே இடுக்கி மலைகளின் மூணாறு, குமுளி வரை, தமிழக எல்லையை ஒட்டிய ஊர்களிலும் வண்ணமீன் வளர்ப்போர் உண்டு. மீன்களோடு நீர்ச்செடிகளையும் வளர்ப்பது அழகிய பொழுதுபோக்கு. ஆனால் கடையில் வாங்கிய செடியின் வேரில் ஒட்டிக்கொண்டு, கடுகளவுப் பச்சைத் தழை ஒன்று வந்து சேரும். சில வாரங்களில் அது நீர்ப்பரப்பை மூடி, கீழுள்ள செடிகளுக்கு ஒளி எட்டாமல் செய்துவிடும். வேலம்பாசியின் ஒரு கணு மணலில் தங்கினாலும் போதும், மீண்டும் தழைக்கும். தொட்டிக்காரர் வாரந்தோறும் ஒரு கையளவு வாரி எடுக்கிறார். குப்பையில் எறிய மனம் வருவதில்லை. வாளியில் எடுத்துச் சென்று வாய்க்காலில் விடுகிறார். ஓர் உயிரைக் காத்த நிறைவோடு வீடு திரும்புகிறார்.

அந்த வாய்க்கால் எங்கே போகிறது? ஆனைமலையில் பிறக்கும் ஆழியாறு தமிழகத்திலிருந்து இறங்கிச் சித்தூர் வயல்களைத் தொட்டு, பறளியில் கல்பாத்திப்புழையோடு கலந்து பாரதப்புழையாகிறது. தேக்கடி ஏரியின் நீரோ 1895-இல் முல்லைப்பெரியாறு அணை எழுந்தது முதல், மலையைக் குடைந்த சுரங்கவழியே கிழக்கே திரும்பி, தேனி, மதுரை மாவட்டங்களுக்குப் பாய்கிறது. நீரோடு செல்லும் ஒரு துண்டுச் செடிக்கு மாநில எல்லை தெரியாது.

கேரளத்தார் ‘ஆப்பிரிக்கன் பாயல்’ என்று அழைக்கும் சால்வீனியாவின் கதை இதற்குச் சான்று. அதன் தாயகம் ஆப்பிரிக்கா அன்று, தென்கிழக்கு பிரேசில். இலங்கைக்கு 1939-இல் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியின் தாவரவியல் துறை ஆய்வுக்காக அதைக் கொண்டுவந்தது. பதினைந்து ஆண்டுகளுக்குள் அது ஆயிரக்கணக்கான ஏக்கர் நெல்வயல்களில் பரவியது. ஆப்பிரிக்காவில் சாம்பேசி ஆற்றின் கரீபா நீர்த்தேக்கத்தில், 1962-இல் சுமார் 1,000 சதுர கிலோமீட்டர் பரப்பை மூடியது. கேரளத்தின் குட்டநாட்டில் படகு செல்லும் வழிகளை அடைத்தது. நாற்று நடுமுன் இதை அகற்றுவதே உழவருக்குத் தனி வேலையாயிற்று. இத்தனைக்கும் இச்செடி மலடு. முளைக்கக்கூடிய வித்து எதையும் அது உண்டாக்குவதில்லை. உடைந்த ஒவ்வொரு துண்டும் புதுச் செடியாகிறது. சினம் கொண்டு பிய்த்து எறிந்தால் பெருகவே செய்யும்.

இதை வெல்ல முயன்றவர்கள் முதலில் தோற்றனர். காரணம் சிந்திக்கத் தக்கது. இதனை வேறொரு சால்வீனியா என்று தவறாகக் கருதி, அந்த வேறு செடியை உண்ணும் பூச்சிகளைக் கொண்டுவந்து விட்டார்கள், பெரும்பயன் விளையவில்லை. 1972-இல் இது தனி இனம் என்று மிட்செல் என்ற அறிஞர் விளக்கிப் பெயரிட்டார். பின்னர் அதன் பிறப்பிடத்தைத் தேடிச் சென்றபோது, இதை மட்டுமே உண்டு வாழும் சிறு கூன்வண்டு பிரேசிலில் கிடைத்தது. 1980-இல் ஆஸ்திரேலியாவின் மூண்டாரா ஏரியில் விடப்பட்ட அவ்வண்டு, ஓராண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் ஏரியை ஏறத்தாழ முழுவதும் தெளிவித்தது. 1983 முதல் பெங்களூரிலும் கேரளத்திலும் அது விடப்பட்டு நற்பயன் கண்டது. பொருளை உள்ளவாறு அறியாத வரையில், எத்தனை முயன்றும் பலன் இல்லை. கயிற்றைப் பாம்பென்று கண்டவன் கையில் தடி இருந்தென்ன? வேதாந்தம் பயின்றோருக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

பிரேசிலில் இச்செடி எவருக்கும் பகையாக இருக்கவில்லை என்பதையும் எண்ண வேண்டும். அங்கே அதை உண்ணும் உயிர்கள் அதை அளவோடு வைத்தன. எந்தச் செடியும் பிறப்பால் களை அன்று; அதைக் களையாக்கியவர்கள் இடம் மாற்றிய நாம். ‘செடி என்ன பாவம் செய்தது?’ என்று கேட்போருக்கு, ‘ஒன்றும் செய்யவில்லை’ என்பதே நேர்மையான விடை. அதனால்தான் பொறுப்பு கொண்டுவந்தவனைச் சேர்கிறது.

இனி நம் தொட்டிக்காரரின் தயக்கத்துக்கு வருவோம். காலையில் கீரை ஆய்ந்தபோது எழாத தயக்கம், மாலையில் பாசியிடம் எழுவது ஏன்? கீரை சந்தையிலிருந்து வந்தது. பாசி ‘என்’ தொட்டியில் வளர்ந்தது. ஸ்ரீராமகிருஷ்ணர் மாயையையும் தயையையும் வேறு பிரித்துக் காட்டினார். தன்னைச் சேர்ந்தவர் மீதான பற்று மாயை. எல்லா உயிர்களிடத்தும் சமமாகச் செல்லும் அன்பு தயை. வாய்க்காலில் செடியை விட்டவரின் உள்ளத்தில் இருந்தது இவற்றுள் எது? அங்கே ஏற்கெனவே வாழும் மீன்களும் அல்லியும் தவளையும், நீரை நம்பிய உழவனும் அவர் நினைவில் வரவில்லையே! பின்விளைவையும் பிறருக்கு நேரும் துன்பத்தையும் எண்ணாமல் மயக்கத்தால் தொடங்கும் செயலைக் கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் தாமசம் என வகுக்கிறது. நல்ல எண்ணத்தோடு செய்ததற்கு அங்கே விலக்கு எதுவும் சொல்லப்படவில்லை.

அழகும் நம்மை இவ்வாறே மயக்கும். 2020-இல் கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிரா அருகே ஆவளப்பாண்டியில், கபோம்பா என்னும் நீர்ச்செடி இளஞ்சிவப்புக் கம்பளம்போல் பூத்தது. திரள் திரளாக மக்கள் காணச் சென்றனர். கையோடு செடியை எடுத்துச் சென்றவர்களும் உண்டு. அது மீன்தொட்டி வணிகத்தால் பரவும் அமெரிக்கச் செடி. அதன் தண்டுத் துண்டுகள் எங்கும் வேர்விடும் என்று தாவரவியலார் எச்சரித்தனர்.

ஆதலால் வீட்டில் எடுத்த தழையை அங்கேயே முடிப்பதுதான் அகிம்சைக்கு நெருக்கமானது என்பது என் துணிபு. புதிதாக வாங்கிய செடியைச் சில வாரம் தனிப் பாத்திரத்தில் வைத்துக் கவனித்த பிறகே தொட்டியில் நடலாம். விளக்கெரியும் நேரத்தையும் மீனுக்கு இடும் தீனியையும் குறைத்தால் பாசியின் வேகம் தானே தணியும். மிகுதியாக ஊட்டிவிட்டுப் பாசியை நோவதில் பொருளில்லை. வாரிய தழையைத் தளத்தில் பரப்பி நன்றாகக் காயும்வரை வெயிலில் விட்டு, மல்லிகையின் வேரடியில் இட்டால் எருவாகும். தொட்டி கழுவிய நீரைச் சாக்கடையிலோ வாய்க்காலிலோ ஊற்றாமல் தோட்டத்து மண்ணிலேயே ஊற்ற வேண்டும். கண்ணுக்குத் தப்பிய கணுக்கள் அதில் இருக்கும்.