இலக்கின் எல்லை

ஒரு வேலையைத் தொடங்குமுன், 'இத்தனை நாளில் இவ்வளவு முடிப்போம்' என்று இலக்கு வைத்துக் கொள்வது தவக்குலுக்கு மாற்றமானதா? நம்மில் பலர் இப்படிக் கேட்கின்றனர். வேறு சிலரோ, குறித்த இலக்கை எட்டியவனே திறமைசாலி, எட்டாதவன் உதவாக்கரை என்று தீர்ப்பளித்து விடுகின்றனர். முன்னவருக்கு இலக்கே வேண்டாம். பின்னவருக்கு இலக்கைத் தவிர வேறெதுவும் வேண்டாம். இவ்விரண்டுக்கும் இடையே மார்க்கம் ஒரு நடுவழியைக் காட்டுகிறது.

இலக்கு வைப்பது குற்றமன்று. எகிப்தின் மன்னர் கண்ட கனவுக்கு நபி யூஸுப் (அலை) அவர்கள் விளக்கம் சொன்னதை எண்ணிப் பாருங்கள். 7 ஆண்டுகள் தொடர்ந்து பயிரிட வேண்டும். உண்பதற்கு வேண்டியது போக, எஞ்சியதைக் கதிரோடு விட்டு வைக்க வேண்டும். அடுத்து வரும் 7 பஞ்ச ஆண்டுகளுக்கு அது உதவும் என்றார்கள். இதில் கால அளவும் இருக்கிறது, செய்முறையும் இருக்கிறது, காரணமும் இருக்கிறது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டும்படி நம் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதும் இக்கருத்தையே உணர்த்துகிறது. நாளை இதைச் செய்வேன் என்று சொல்லும்போது 'இன்ஷா அல்லாஹ்' சேர்க்கும்படி 'கஹ்ஃப்' அத்தியாயம் கற்பிக்கிறது. திட்டமிடுவதை அது தடுக்கவில்லை. முடிவு நம் கையில் இருப்பதாக எண்ணும் மமதையைத்தான் தடுக்கிறது.

நமக்கு நாமே இலக்கு வைப்பது ஒரு புறமிருக்க, பிறர் மீது இலக்கு சுமத்த நமக்கு எந்த அளவுக்கு உரிமை உண்டு? கடை முதலாளிக்கும், பள்ளிவாசல் முதவல்லிக்கும், மதரஸா நிர்வாகிக்கும் அன்றாடம் எழ வேண்டிய கேள்வி இது.

'கஸஸ்' அத்தியாயத்தின் 27, 28ஆம் வசனங்களில் ஓர் ஒப்பந்தம் சொல்லப்படுகிறது. மத்யனில் அடைக்கலம் புகுந்த நபி மூஸா (அலை) அவர்களிடம் அவ்வூர்ப் பெரியவர் ஒருவர், தம் மகள்மார் இருவரில் ஒருவரை மணமுடித்துத் தருவதாகவும், அதற்காக 8 ஆண்டுகள் தம்மிடம் வேலை செய்ய வேண்டுமென்றும் கேட்கிறார். 10 ஆண்டாக நிறைவு செய்தால் அது அவர் விருப்பம் என்கிறார். அவரைச் சிரமப்படுத்தத் தாம் நாடவில்லை என்றும் சொல்கிறார். இரு தவணைகளில் எதை நிறைவேற்றினாலும் தம் மீது குற்றமில்லை என்று மூஸா (அலை) ஏற்றுக் கொள்கிறார்கள். இருவர் பேச்சுக்கும் அல்லாஹ்வே சாட்சி.

இதைச் சற்று ஊன்றிக் கவனிப்போம். கட்டாயமானது எது, விருப்பத்திற்குரியது எது என்று முதலிலேயே பிரித்துச் சொல்லப்பட்டது. வேலை செய்பவரின் ஒப்புதல் பெறப்பட்டது. வேலை வாங்குபவரே சிரமம் தர விரும்பவில்லை என்று வாயால் சொன்னார். மூஸா (அலை) அவர்கள் இரண்டில் நீண்ட தவணையையே நிறைவு செய்ததாக இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். கேட்டது எட்டு, மனமுவந்து கிடைத்தது பத்து.

நம்மிடையே நடப்பதென்ன? பத்தைக் கட்டாயமாக்கி, எட்டு முடித்தவனைக் குற்றவாளியாக்குகிறோம். ஓர் உஸ்தாதிடம் அறுபது பிள்ளைகளை ஒப்படைத்து, ஆண்டு முடிவதற்குள் அத்தனை பேரும் குர்ஆனை முடிக்க வேண்டும் என்று உத்தரவிட்டால் என்னவாகும்? பக்கங்கள் ஓடும், மக்ரஜ் ஓடாது. எழுத்துக்களின் உச்சரிப்பு சீர்படாமலே பிள்ளை 'முடித்து'விடும். கணக்குப் புத்தகத்தில் இலக்கு நிறைவேறியிருக்கும். பிள்ளைக்கோ ஓதத் தெரிந்திருக்காது. ஊழியர்களைச் சக்திக்கு மீறிச் சிரமப்படுத்த வேண்டாம், அப்படிச் சுமத்தினால் நீங்களும் உடனிருந்து உதவுங்கள் என்பது நாயகம் (ஸல்) அவர்களின் கட்டளை. அறுபது பிள்ளைகளைத் தந்தவர் இன்னோர் உஸ்தாதையும் தரட்டும். இல்லையேல் இலக்கைக் குறைக்கட்டும்.

'அப்படியானால் சோம்பேறிக்கு இது சாக்காகிவிடாதா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். எட்டு என்பது கடமை; அதில் சலுகை இல்லை. நேரத்தில் வருவது, ஒவ்வொரு பிள்ளைக்கும் தினமும் பாடம் கேட்பது, பொய்க் கணக்கு எழுதாதிருப்பது ஆகியவை உஸ்தாதின் கையில் உள்ளவை. அவற்றைக் கண்டிப்பாகக் கேட்கலாம். பிள்ளையின் ஞாபக சக்தி அவர் கையில் இல்லை. நபி நூஹ் (அலை) அவர்கள் தம் சமூகத்தாரிடையே 950 ஆண்டுகள் வாழ்ந்து, இரவும் பகலும் அழைத்தார்கள். ஈமான் கொண்டோர் மிகச் சிலரே. எண்ணிக்கையை வைத்து அளந்தால் அப்பணியை என்னவென்று சொல்வோம்? எடுத்துச் சொல்வது நபியின் பொறுப்பு. இதயத்தைத் திருப்புவது அல்லாஹ்வின் நாட்டம்.

சொந்த வாழ்விலும் இதே அளவுகோல்தான். அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் இளமையில் நாள்தோறும் நோன்பு நோற்று, இரவெல்லாம் நின்று வணங்கி வந்தார்கள். மாதம் 3 நோன்பு போதும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் குறைத்தார்கள். 'இதைவிட அதிகம் என்னால் முடியும்' என்று அவர் வேண்டிக் கொண்டே வந்ததால், ஒருநாள் விட்டு ஒருநாள் என்ற அளவில் நிறுத்தினார்கள். வயது முதிர்ந்து உடல் தளர்ந்தபோது, அன்று தந்த சலுகையை ஏற்றிருக்கலாமே என்று அந்த ஸஹாபி ஏங்கினார்கள். உற்சாகத்தில் வைக்கும் இலக்கைத் தளர்ச்சியிலும் சுமக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே, வீட்டில் குர்ஆன் ஓத நாடுவோர் தினம் ஒரு ஜுஸ்உ என்று தொடங்கிப் பத்தாம் நாள் விட்டுவிடுவதைக் காட்டிலும், தினம் ஒரு பக்கம் என்று வைத்துக் கொள்ளட்டும். 604 பக்கமுள்ள மதீனா முஸ்ஹஃப் ஏறத்தாழ 20 மாதங்களில் நிறைவு பெறும். மனம் விரும்பும் நாளில் கூட ஓதலாம்; விரும்பாத நாளிலும் அந்த ஒரு பக்கம் தவறக் கூடாது. குறைவானாலும் தொடர்ந்து செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு உவப்பானது என்பது நபிமொழியின் கருத்து.

சகோதர சகோதரிகளே! அடுத்த முறை ஒருவருக்கு வேலை வகுக்கும்போது, அது அவரால் இயலுமா, அவர் சம்மதித்தாரா, நாம் என்ன உதவி செய்யப் போகிறோம் என்ற மூன்றையும் கேட்டுக் கொள்வோம். அங்கே மூன்றாமவனாக அல்லாஹ் சாட்சியாக இருக்கிறான் என்பதை மறவாதிருப்போம்.

சக்திக்கு மீறிய சுமையை நம் மீது சுமத்தாதிருக்கவும், நாமும் பிறர் மீது சுமத்தாதிருக்கவும் வல்ல நாயன் தவ்ஃபீக் செய்தருள்வானாக! ஆமீன்.