மீண்டும் செய்தலும் ஒரு பரிகாரமே



வீடு கட்டுவது ஒரு சோதனை. கட்டிய வீட்டைத் திருத்துவது அதனிலும் பெரிய சோதனை. வெளிநாட்டிலிருக்கும் மகன் அனுப்பிய காசிலோ, வங்கியில் எடுத்த கடனிலோ பழைய குளியலறையை இடித்துப் புதிதாக்கும் வேலை இன்று நம் கரையோர ஊர்களில் அடிக்கடி நடக்கிறது. கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் காரைதீவிலும் சொறிக்கல்முனையிலும் இதில் வேறுபாடில்லை. வேலை முடிந்து, மேசன்மார் கூலி வாங்கிச் சென்று, வீட்டார் முதல் வாளித் தண்ணீரை ஊற்றும்போதுதான் குறை வெளிப்படுகிறது. தண்ணீர் வடிகுழாயை நோக்கி ஓடாமல் வாசற்படியை நோக்கி வருகிறது. இரண்டு மாதம் சென்றதும் அடுத்த அறைச் சுவரில் ஈரம் ஊறுகிறது. உப்புப் பூத்துப் பூச்சு உதிர்கிறது.

குளியலறையைப் பற்றி ஞானப் பிரசங்கமா என்று எவரும் முகம் சுளிக்க வேண்டாம். வேதாகமம் வீட்டுச் சுவரின் ஈரக் கறையைப் பற்றிப் பேச வெட்கப்படவில்லை. லேவியர் ஆகமத்தின் 14ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். சுவரில் பச்சையாகவோ சிவப்பாகவோ குழிவிழுந்த கறை தோன்றினால், வீட்டுக்காரன் அதை மறைக்கலாகாது. குருவிடம் சென்று சொல்ல வேண்டும். குரு வந்து பார்த்து, வீட்டை ஏழு நாள் அடைத்து வைக்கிறார். ஏழாம் நாள் மீண்டும் வந்து பார்க்கிறார். கறை படர்ந்திருந்தால் அந்தக் கற்களை மட்டும் பெயர்த்து ஊருக்கு வெளியே போட வேண்டும். உட்சுவர் முழுவதையும் சுரண்ட வேண்டும். வேறு கற்களை வைத்து, வேறு சாந்தால் பூச வேண்டும். அதற்குப் பிறகும் கறை திரும்பி வந்தால்தான் வீட்டை இடிப்பது. திருந்திவிட்டாலோ, அந்த வீடு சுத்தமானது என்று குரு அறிவித்து, அதற்கான சடங்கை நிறைவேற்றுகிறார்.

இந்த ஒழுங்கு எவ்வளவு நிதானமானது என்று கவனியுங்கள். கண்ட குறையை மறைக்கக்கூடாது. கண்டவுடன் ஆத்திரப்பட்டு எல்லாவற்றையும் உடைக்கவும் கூடாது. பொறுத்திருந்து பார்த்து, கெட்டதை மட்டும் பெயர்த்து, அடியிலிருந்து மறுபடி செய்ய வேண்டும். கறைக்கு மேலே வெள்ளையடித்து விடுங்கள் என்று மட்டும் அங்கே ஓரிடத்திலும் சொல்லப்படவில்லை.

நாமோ அதைத்தான் முதலில் செய்கிறோம். நம் ஊர்களில் நடக்கக்கூடிய ஒன்றை உவமையாகச் சொல்கிறேன். ஓர் ஆசிரியை வீட்டில் பிள்ளைக்கு முதல் நன்மை. விருந்தினர் வருமுன் குளியலறை வேலை முடிய வேண்டும். மேசன் மருதமுனையைச் சேர்ந்த முஸ்லிம் சகோதரர். கைவேலையில் பெயர் எடுத்தவர். "தளம் போட்டா ஒரு கிழமையாவது தண்ணி விட்டு ஊற வைக்கணும், டீச்சர். மறுகாதான் டைல்ஸ் பதிக்கலாம்" என்று அவர் சொல்கிறார். "அதுக்கெல்லாம் நேரமில்லை காக்கா, எப்படியாவது ஞாயிற்றுக்கிழமைக்கு முன் முடிச்சுத் தாங்க" என்கிறார் ஆசிரியை. அவரும் சரியென்று முடித்துக் கொடுக்கிறார். விருந்து சிறப்பாக நடக்கிறது. திங்கட்கிழமை பார்த்தால் தண்ணீர் வாசலில் தேங்கி நிற்கிறது. நாணயத்தால் தட்டினால் நாலைந்து டைல்ஸ் டொக்கு டொக்கென்று வெறுமையாய் ஒலிக்கின்றன.

இனி என்ன நடக்கும்? மேசன், "கொஞ்சத் தண்ணிதானே டீச்சர், துடைச்சா போயிடும்" என்பார். வீட்டார், "இந்த ஆட்களே இப்படித்தான்" என்று ஒரு சமூகம் முழுவதையும் பழிப்பார்கள். மிச்சக் கூலியைப் பிடித்து வைப்பார்கள். ஒரு பிழையான வாட்டம் இரண்டு குடும்பங்களின் பகையாகி, பின்பு இரண்டு ஊர்களின் பேச்சாகிவிடும். பிரியமானவர்களே, நம் பகுதியில் இதைவிடச் சிறிய காரணங்களிலிருந்தும் பெரிய கசப்புகள் முளைத்ததுண்டு. ஆகவேதான் இதைச் சிறிய விடயம் என்று நான் எண்ணவில்லை.

நீதி என்ன சொல்கிறது? 1992இல் வெளிவந்த கத்தோலிக்க திருச்சபையின் மறைக்கல்வி நூல், களவு செய்யாதே என்ற கட்டளையை விளக்கும் இடத்தில், குறைபாடாகச் செய்த வேலையையும் அந்தக் கட்டளைக்கு விரோதமான செயல்களுள் ஒன்றாக எண்ணுகிறது. கூலி வாங்கிக்கொண்டு அரைகுறையாகச் செய்வது பிறர் பொருளை எடுப்பதற்குச் சமம். அதே கட்டளையின் கீழ்தான் தொழிலாளியின் கூலியைப் பிடித்து வைப்பதும் பாரதூரமான அநீதியாகக் கணிக்கப்படுகிறது. ஒரே கட்டளை இரண்டு பக்கமும் வெட்டுகிறது. மேசனின் தவறு தெரிந்த நமக்கு, அவசரப்படுத்திய நம் தவறும் தெரிய வேண்டும். உப்பு மணல் மலிவு என்று வாங்கிக் கொடுத்தது யார்? தளம் ஊறுவதற்கு நாள் கொடாமல் விட்டது யார்?

உவமையிலுள்ள அந்த ஆசிரியை நல்லவர். மேசனை அழைத்து, தேநீர் கொடுத்து, "காக்கா, பிழையில பாதி எங்கட அவசரத்தால வந்தது. உடைச்சுத் திரும்பச் செய்வம். சாமான் நாங்க வாங்கித் தாறம், உங்கட கூலியை மட்டும் விட்டுத் தாங்க" என்கிறார். மேசன் சற்று யோசித்துச் சம்மதிக்கிறார். ஆனால் ஒன்று கேட்கிறார்: "என்ர கூலி வேணாம் டீச்சர். சாந்து குழைக்கிற பொடியனுக்கு மட்டும் நாட்கூலி கொடுங்க. அவன்ல பிழை இல்ல." எவ்வளவு நேர்மையான சொல்! பெரியவர்கள் தங்கள் பிழைகளைப் பங்கிடும்போது, பிழையில்லாத சிறியவன் பட்டினி கிடக்கலாகாது. கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன்னிடம் தங்கக்கூடாது என்று கட்டளையிட்ட கடவுளின் மனமும் அதுவே.

டைல்ஸை உடைத்தபோது ஓர் உண்மை வெளியாகிறது. குறை டைல்ஸில் அல்ல. அடியிலே வடிகுழாயின் வாய் அரை அங்குலம் உயர்ந்து நிற்கிறது. அது உயர்ந்திருக்கும்வரை மேலே எத்தனை முறை டைல்ஸ் மாற்றினாலும் தண்ணீர் வாசலுக்குத்தான் வரும். இம்முறை குழாயைத் தாழ்த்துகிறார்கள். அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் வைத்துத் தளம் போட்டு, ஒரு கிழமை ஊற வைக்கிறார்கள். டைல்ஸ் பதிக்குமுன் ஈரத்தடுப்புப் பூச்சுப் பூசி, வடிவாயை அடைத்துத் தண்ணீர் நிரப்பி, 24 மணி நேரம் கசிவு பார்க்கிறார்கள்.

இப்படித் திரும்பிச் சென்று செய்வது நம் முஸ்லிம் சகோதரருக்குப் புதிதல்ல. தொழுகைக்கு முன் வுழூச் செய்த ஒருவரின் பாதத்தில் நகமளவு இடம் நனையாமல் இருந்ததைக் கண்ட நபிகள் நாயகம், திரும்பிப் போய்ச் செவ்வையாகச் செய்யும்படி அவருக்குச் சொன்னதாக அவர்களுடைய நபிமொழித் தொகுப்பான ஸஹீஹ் முஸ்லிம் அறிவிக்கிறது. அவரும் திரும்பிச் சென்று செய்து, அதன் பின்னரே தொழுதார். இரண்டாவது வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டில் முஸ்லிம்களை மதிப்போடு நோக்கும்படி நமக்குக் கற்பித்தது. அந்த மதிப்பு மேடைப் பேச்சோடு நின்றுவிடக்கூடாது. அவர்களுடைய மேசனிடமும், மருதமுனைத் தறியில் பிழைத்த இழையைப் பிரித்து மறுபடி நெய்யும் நெசவாளியிடமும் நாம் கற்றுக்கொள்ளும்போதுதான் அது உயிர் பெறும்.

ஆனால் திரும்பச் செய்வதிலும் ஒரு சோதனை உண்டு, அதுவே அவசரம். 2004 டிசம்பர் 26, திருக்குடும்ப விழா ஞாயிறு. அன்று வந்த கடற்கோளில் இலங்கையிலேயே மிக அதிகமான உயிர்களை இழந்தது நம் அம்பாறை மாவட்டம்; 10,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். கிழக்குக் கரையின் கிணறுகளில் கடல்நீர் நிறைந்தது. உதவ வந்தவர்கள் நல்லெண்ணத்தோடு மோட்டர் வைத்துக் கிணறுகளை இறைத்தார்கள். உப்புப் போகவில்லை என்று மறுபடியும் மறுபடியும் இறைத்தார்கள். நம் மணற்பாங்கான நிலத்தில் நன்னீர் பாரம் குறைந்ததாய் உப்புநீரின் மேலே மிதந்து நிற்கிறது. மேலிருக்கும் நன்னீரை அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழிருக்கும் உப்புநீர் ஏறிவரும். ஆகவே இறைப்பதை நிறுத்தி, மாரி மழை மண்ணைக் கழுவும்வரை பொறுத்திருங்கள் என்று அறிந்தவர்கள் சொல்ல வேண்டியதாயிற்று. மழை வந்தது; காலப்போக்கில் உப்பும் குறைந்தது. காரணம் அறியாமல் ஒன்றையே பத்து முறை செய்வது திருத்தமாகாது. சில குறைகளை நம் கை திருத்தும். சிலவற்றை வானத்திலிருந்து வரும் மழைதான் திருத்தும். அந்த மழைக்கு ஆன்ம வாழ்வில் அருள் என்று பெயர்.

இப்போது நம் ஆன்மாவின் வீட்டுக்கு வருவோம். ஒப்புரவு அருட்சாதனத்துக்கு மனஸ்தாபம், பாவ அறிக்கை, பரிகாரம் என்னும் மூன்றும் வேண்டும் என்று திரிதெந்தின் பொதுச்சங்கம் போதித்தது. முதல் இரண்டையும் நாம் ஒருவாறு செய்துவிடுகிறோம். மூன்றாவதை மூன்று அருள்நிறை மந்திரத்தோடு முடித்துக்கொள்கிறோம். பாவமன்னிப்பு பாவத்தைப் போக்குகிறது. ஆனால் பாவம் விளைத்த சேதத்தை நாம்தான் செப்பனிட வேண்டும் என்பது திருச்சபையின் படிப்பினை. களவெடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கெடுத்த பெயரை மீட்டுக் கொடுக்க வேண்டும். சக்கேயு மனம் வருந்தியதோடு நிற்கவில்லை. ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவேன் என்று ஆண்டவர் முன்னிலையில் எழுந்து நின்று சொன்னார்.

நம் வீடுகளில் எத்தனை இடத்தில் வாட்டம் பிழைத்திருக்கிறது! தாய் தகப்பனைப் பார்க்கும் பொறுப்பில் அண்ணன் தம்பிமாரிடையே குறை. சீதனக் காணியைப் பிரித்ததில் குறை. பிள்ளையைக் கோபத்தில் அடித்து, பிறகு ஒரு மிட்டாயால் பூசி மறைத்ததில் குறை. மேலே பளபளப்பாக இருக்கிறது. தட்டிப் பார்த்தால் வெறுமையாய் ஒலிக்கிறது. குறையை உடைத்துப் பார்க்க நாம் அஞ்சுகிறோம், செலவாகும் என்று. ஆனால் ஈரம் ஒரே அறையில் நிற்பதில்லை. அடுத்த அறைக்கு, அடுத்த தலைமுறைக்கு ஊறுகிறது.

அண்டை வீட்டையும் மறக்க வேண்டாம். நெருக்கமாக வீடுகள் உள்ள நம் மணல் நிலத்தில் ஒருவர் மலக்குழி பிழையாக அமைந்தால், அயலவர் கிணறு கெடும். நம் குளியலறை எவ்வளவு அழகானாலும், அதன் கழிவு அடுத்த வீட்டுப் பிள்ளையை நோயாளியாக்குமானால், அயலானை நேசி என்ற கட்டளைக்கு முன் அந்த வேலை இன்னும் முடியாத வேலைதான்.

அதற்காக மனம் தளர வேண்டாம். எரேமியா இறைவாக்கினர் குயவன் வீட்டுக்குப் போனபோது, சக்கரத்தில் பாண்டம் பழுதாயிற்று. குயவன் மண்ணை வெளியே எறிந்துவிடவில்லை. அதே மண்ணை எடுத்து வேறு பாண்டமாக வனைந்தான். நம் கடவுள் அப்படிப்பட்டவர். அவர் கையில் மறுபடி செய்யப்படுவது அவமானமன்று.

ஆகவே இந்தக் கிழமை ஒவ்வொரு குடும்பமும் மாலைச் செபத்தின்பின் ஒரு காரியத்தைச் சேர்ந்து பேசித் தெரிந்தெடுங்கள்: கொடாமல் விட்ட கூலி, பேசாமல் விட்ட உறவு, அரைகுறையாய் விட்ட வேலை. அதன் அடியில் வடிகுழாய் எங்கே உயர்ந்து நிற்கிறது என்று தேடுங்கள். பிறகு அவசரமில்லாமல், கோபமில்லாமல், அடியிலிருந்து மறுபடி செய்யுங்கள். நாசரேத்தில் தச்சுவேலை செய்த புனித சூசையப்பரின் மன்றாட்டு உங்கள் கைகளுக்கும் உங்கள் வேலைக்காரரின் கைகளுக்கும் துணைநிற்பதாக.