அடுக்களை இல்லாத புகை

2025 அக்டோபரில் வந்த செய்தி இது. ஏறத்தாழ 1000 கோடி ஒளியாண்டு தொலைவில், 10 லட்சம் சூரியன்களின் நிறைகொண்ட ஒரு பொருளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அதிலிருந்து வரும் ஒளி என்று எதையும் யாரும் பிடிக்கவில்லை. பார்க்காத ஒன்றை 'இருக்கிறது' என்று சொல்ல நமக்கு என்ன உரிமை?

பி1938+666 என்று ஒரு அமைப்பு. அதில் முன்னால் ஒரு கேலக்ஸி, வெகு பின்னால் இன்னொன்று. பின்னதன் ரேடியோ அலைகள் முன்னதன் ஈர்ப்பில் வளைந்து, நமக்கு மெல்லிய நீண்ட வில்லாகத் தெரிகின்றன. கண்டங்கள் தாண்டி நிற்கும் ரேடியோ தொலைநோக்கிகளைக் கோத்து ஒரே கருவிபோல் இயக்கினால் ஹபிளையும் மிஞ்சும் நுணுக்கம் கிடைக்கும். அப்படி எடுத்த படத்தில், வில்லின் ஓரிடத்தில் கிள்ளினாற்போல் ஒரு ஒடுக்கம். முன்னால் உள்ள கேலக்ஸியை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் அது வராது. அந்த இடத்தில் ஒரு நிறைக்கட்டியைச் சேர்த்தால் வருகிறது.

கோடு எழுதிப் பிழைக்கும் எனக்கு இங்கேதான் உறுத்தும். கணக்கு ஒட்டலையா, இன்னொரு மாறியைச் சேர், எதுவும் ஒட்டிவிடும். எங்கள் தொழிலில் தினமும் நடக்கிற கூத்து இது.

லெவெரியே யுரேனஸின் தடுமாற்றத்தை வைத்து இன்னொரு கோள் இருக்கணும் என்றார். 1846இல் நெப்டியூன் கிடைத்தது. 1859இல் புதனின் தடுமாற்றத்துக்கும் அதே வைத்தியம்: வல்கன் என்றொரு கோள். அதே ஆள், அதே கணக்கு, அதே தன்னம்பிக்கை. ஆனால் வல்கன் இல்லவே இல்லை. மாற வேண்டியது ஈர்ப்பு விதிதான் என்று 1915இல் ஐன்ஸ்டீன் காட்டினார்.

மலையில் புகை தெரிந்தால் நெருப்பு உண்டு என்போம். மணிமேகலையின் தர்க்கப் பகுதி இதற்கு அடுக்களையை உதாரணம் காட்டும், அங்கே புகையையும் நெருப்பையும் சேர்த்துப் பார்த்திருக்கிறோம் இல்லையா? கரும்பொருளுக்கு, அதாவது டார்க் மேட்டருக்கு, அப்படி ஒரு அடுக்களை கிடையாது.

ஆனாலும் நான் இந்த ஆய்வாளர்கள் பக்கம்தான். கட்டியின் வடிவத்தை முன்கூட்டியே ஊகிக்காமல் திருத்தத்தைத் தானாக எழவிட்டபோதும் அதே இடத்தில்தான் நிறை எழுந்தது. நிறை இருக்கிறது என்று உறுதியாகச் சொன்னவர்கள், அது கரும்பொருள் கட்டியா, மங்கிப்போன குறுங்கேலக்ஸியா என்பதைத் திறந்தே வைத்தார்கள். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லியிருந்தால் தலைப்புக்கு வசதியாக இருந்திருக்கும்.

கரும்பொருள் கொள்கை சரியென்றால் இப்படிப்பட்ட கட்டிகள் ஏராளம் இருந்தாக வேண்டும். வல்கனைக் கிரகணத்துக்குக் கிரகணம் சூரியனோரம் தேடினார்கள். இனி ஒவ்வொரு ரேடியோ வில்லாகத் தேடணும்; எண்ணிக்கை குறைந்தால் கொள்கைதான் அடிவாங்கும்.