போர்க்களத்து மண் யாருக்கு உரியது?



சென்ற ஞாயிறு மாலை, திருவனந்தபுரத்தில் நம்மவர் கூடும் சிறு அறையில் திரிசரணமும் பஞ்சசீலமும் ஓதி முடிந்தபின், ஓர் இளைஞர் எழுந்து ஒரு வினாவைக் கேட்டார். 1741ஆம் ஆண்டு மார்த்தாண்ட வர்மரின் படை டச்சுக் கம்பெனிப் படையை முறியடித்த குளச்சலில் ஒரு வெற்றித்தூண்தானே நிற்கிறது. சுற்றுப்புறத்து நிலத்தையும் அரசாங்கம் எடுத்துப் போர்க்களமாகவே பாதுகாத்தால் என்ன, அது தகுமா தகாதா என்றார். நமது இரண்டாம் சீலமோ கொடாததைக் கொள்ளாமை. கொள்பவர் அரசாங்கமாயின் அச்சீலம் உறங்கிவிடுமோ?

அன்று நான் விடை கூறவில்லை. குளச்சல் கரையில் இன்று மீனவர் குடும்பங்கள் நெருங்கி வாழ்கின்றன. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அவர்களுள் பலரை வாரிக்கொண்டு போயிற்று. அத்தகையோரை எழுந்து போகச் சொல்லும் வாய் எனக்கு எளிதில் திறக்கவில்லை.

இவ்வினா அமெரிக்காவில் முன்னரே நீதிமன்றம் ஏறியது. 1863 ஜூலையில் கெட்டிஸ்பர்க்கில் மூன்று நாள் நடந்த போரில் மாண்டோரும் புண்பட்டோரும் சிறைப்பட்டோரும் காணாமற்போனோருமாக ஏறத்தாழ 51,000 பேர். பின்னாளில் ஒரு மின்சார டிராம் கம்பெனி அக்களத்தின் மீதே தண்டவாளம் போட்டது. அரசாங்கம் நிலத்தை எடுக்க முற்பட, கம்பெனி வழக்காடியது. போர்க்களத்தைக் காப்பதும் பொதுப்பயனே, உரிய விலை கொடுத்து எடுக்கலாம் என 1896இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு கம்பெனியை எதிர்த்து இப்படித் தீர்ப்பது அத்துணைக் கடினமன்று.

அதே களத்தின் நடுவே ஆபிரகாம் பிரையன் என்னும் கறுப்பின உழவருக்குச் சிறு பண்ணை இருந்தது. தென்னவர் படை வருகிறதென்று கேட்டதும் குடும்பத்தோடு ஓடினார். பிடிபட்டால் அடிமைச் சந்தைதான். திரும்பி வந்தபோது வீடு துளைபட்டு, வேலி முறிந்து, பயிர் மிதிபட்டுக் கிடந்தது. 1,028 டாலர் இழப்பீடு கேட்டார். கிடைத்தது 15 டாலர். 1869இல் பண்ணையை விற்றுவிட்டு ஊருக்குள் குடிபோனார். அவருடைய வீட்டை இன்று அரசாங்கம் கண்ணுங்கருத்துமாய்ப் பாதுகாத்து வருகிறது! சுவருக்குக் கிடைத்த கருணை, சுவருக்குள் வாழ்ந்தவனுக்குக் கிடைக்கவில்லை.

இதை எழுதுகையில் என் தாயாரை நினையாதிருக்க இயலவில்லை. அவர் குடிசை நின்ற நான்கு சென்ட் நிலத்தைச் சாலைக்கென்று எடுத்தனர். நான் அப்போது ஆலையில் இரவு முறைக்காரன். காலையில் பஞ்சுத் தூசியோடு வந்து பார்க்கையில் அளவுக்கல் நட்டிருந்தது. சாலை நல்ல சாலைதான்; நானும் அதில் நடக்கிறேன். பணம் வந்தபோது வாங்க அவர் உயிரோடில்லை. 2013ஆம் ஆண்டுச் சட்டம், முழு இழப்பீட்டையும் கொடுத்த பின்னரே நிலத்தைக் கைப்பற்ற வேண்டுமென்கிறது. சட்டம் நன்று, அளவுக்கல்லுக்கும் பணத்துக்கும் இடையே கிடக்கும் நாட்களைப் பட்டவர் அறிவர்.

இனி, நமக்கு அணுக்கமான களம் ஒன்றுண்டு. கலிங்கப் போர் நிகழ்ந்ததென்று பலரும் கருதும் சமவெளியின் ஓரத்தில், ஒடிசாவின் தௌலிப் பாறையில் அசோகரின் எழுத்துகள் உள்ளன. கொல்லப்பட்டோர் ஓரிலட்சம், பெயர்த்துக் கொண்டுபோகப்பட்டோர் ஒன்றரை இலட்சம் என்று மனம் வருந்தி அவர் உரைத்த பதின்மூன்றாம் சாசனம் பிற இடங்களில் உண்டு, தௌலியில் இல்லை. தந்தையை இழந்தவன் எதிரே கணக்கை விரிக்க அம்மன்னர் நாணினார் போலும். அப்படித்தான் நான் எண்ணுகிறேன், அறிஞர் வேறு காரணம் கூறலாம். அதற்கு ஈடாக அங்கே தம் அதிகாரிகளுக்குக் கட்டளை எழுதினார்: மக்களெல்லாரும் என் மக்கள், காரணமின்றி ஒருவனையும் சிறையிடாதீர், வதைக்காதீர், பொறாமை, சினம், அவசரம், சோம்பல் இவற்றை விடுங்கள். குறித்த நாட்களில் இதைப் படித்துக் காட்டவேண்டும். ஒருவனே கேட்க வந்தாலும் படிக்கலாம் என்றும் பொறித்தார். வென்றவன் தோற்ற மண்ணில் தன் புகழை நடாமல், தன் அதிகாரிகளின் கையைக் கட்டும் எழுத்தை நட்டான்.

எனவே இளைஞருக்கு என் விடை இது. அரசாங்கம் போர்க்களத்தைக் காக்கலாம். விலையும் மாற்று வீடும் முன்னே வரட்டும். அங்கிருப்போரின் இசைவு அதற்கும் முன்னே வரட்டும். இசையாதவனிடமிருந்து பிடுங்கிய மண்ணில் மாண்டோருக்கு வணக்கம் செலுத்துவது, அதே களத்தில் இன்னொரு தோல்வியைச் சேர்ப்பதாகும். குளச்சலில் அதற்குத் தேவையும் குறைவு. அப்போரில் சிறைப்பட்டு, பின் திருவிதாங்கூரின் படைத்தலைவரான டிலனாய் 1777இல் இறந்தார். அவர் கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள், இலத்தீனும் தமிழும் பொறித்து நிற்கிறது. கோட்டையோ வனத்துறையின் பராமரிப்பில் இருக்கிறது. வரலாறு படிக்க விழைவோர்க்கு ஒருவரையும் எழுப்பாமல் அங்கே இடமுண்டு.

இளைஞருக்கு இது முழுதும் ஒப்பவில்லை. தூணைச் சுற்றிக் கொஞ்சமேனும் வெளி வேண்டுமென்கிறார். வரும் ஞாயிறு இருவரும் குளச்சலுக்குப் பேருந்தேறுகிறோம். தூணைப் பார்க்குமுன், அதன் அருகே குடியிருப்போரிடம் அவரே அவ்வினாவைக் கேட்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.